ஆப்புக்குத் தெரியாத நாளான்னைக்கு

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் போன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. "உங்கள் வாழ்க்கையின் முதல் முன்னுரிமை எது?"

எனக்கு வாய் நிறைய நுரை. திரையில் நான்கு கட்டங்கள் – ஆரோக்கியம், குடும்பம், தொழில், மன அமைதி. ஒன்றைத்தான் தொடலாமாம். பக்கத்துச் சமையலறையில் என் மனைவி சுமதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாதுகாப்பு கருதிக் குடும்பத்தைத் தொட்டேன். அதோடு விட்டதா? "குடும்பத்துக்காக ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்?" என்று அடுத்ததைக் கேட்டது.

கல்யாணமான இத்தனை வருடத்தில் சுமதிகூட இப்படி நேருக்கு நேர் கேட்டதில்லை. முப்பது என்று போட்டேன். "இன்னும் கொஞ்சம் முயலலாமே" என்றது போன்.

இதெல்லாம் எனக்குத் தேவையா? தேவைதான். காரணம், என் தங்கச்சி வசந்தி.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் மறதி புதிதல்ல. அடுப்பில் பொங்கிய பால், மழையில் நனைந்த துணி, கடையில் விட்டுவந்த குடைகள் எல்லாம் எழுதியாகிவிட்டது. எழுதாத ஒன்று உண்டு.

வசந்தி பேரையூரில் இருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் மகன் கவினுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அவளுக்கு ஒரே அண்ணன் நான். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்வரை தெருமுனையைப் பார்த்துவிட்டு, எங்கள் பெரியம்மா மகன் சேகரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கவின் அழுது முடித்து ஜிலேபியை நக்கிக்கொண்டிருந்தான்.

"பஸ் பஞ்சர்" என்றேன்.

பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருமங்கலத்தில் பஸ் மாறும்போது பழைய கல்லூரி நண்பன் எதிரே வந்தான். ஒரு டீ குடித்தோம். அப்புறம் இன்னொரு டீ. முகூர்த்தம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

வசந்தி அன்றைக்குச் சண்டை போடவில்லை. "சாப்பிட்டுப் போண்ணே" என்றாள், அவ்வளவுதான். ஆனால் அந்த போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள் – சேகர் மடியில் கவின். எப்போது போனாலும் எனக்குப் போடும் நாற்காலி அந்தப் படத்துக்கு நேர் எதிரே இருக்கும். தற்செயல்தான் என்று ஆறு வருடமாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவளுடைய இரண்டாவது பிள்ளை யாழினிக்கு மூன்று வயது. போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணே, யாழினிக்குக் காது குத்தப் போறோம். அவரு தேதி பாத்துட்டாரு."

"ரொம்ப சந்தோசம் தாயி."

"சந்தோசம் இருக்கட்டும். நீ வருவியா, இல்ல இப்பவே வேற மடி பாக்கவா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஃப்ளெக்ஸ்ல உன் போட்டோவப் பெருசாப் போடச் சொல்லிட்டோம். ஆனா, போட்டோ மடியில பிள்ளைய உக்கார வைக்க முடியாதுண்ணே" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த மூளையை நம்பிப் பயனில்லை. நல்ல ஆப்பாகப் பார்த்துப் போட வேண்டியதுதான்.

நான் குடியிருப்பது வண்டியூர் தெப்பக்குளம் பக்கம். காலையில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது துணைக்கு வருபவர் கண்ணன் அண்ணன். சேலை வியாபாரம். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், போனில் இங்கிலீஷ். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆப்களும் அதே அளவுக்கு இருக்கும். குளத்தின் ஒரு மூலைக்கு வந்ததும் அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து மணி அடிக்கும். நின்று, பாட்டிலைத் திறந்து, நாலு வாய் தண்ணீர் குடித்து, போனில் டிக் அடித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். தாகமா அண்ணே என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியலையே தம்பி, ஆப் குடிக்கச் சொல்லுது" என்றார்.

என் பிரச்சினைக்குச் சரியான டாக்டர் இவர்தான் என்று தோன்றியது.

"ஒரு ஆப் பத்தாது தம்பி" என்றார் கண்ணன் அண்ணன். "வேலைய எழுதி வைக்க ஒண்ணு, ஞாபகப்படுத்த ஒண்ணு, போனைத் தொடவிடாமத் தடுக்க ஒண்ணு."

"போனைத் தொடவிடாமத் தடுக்குற ஆப்பையும் போன்லயேவா போடணும்?"

"பின்ன, சைக்கிள்லயா போட முடியும்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்தேன்.

முதலில் வேலைப் பட்டியல் ஆப். வேலையை எழுதுவதற்கு முன்னால் அதற்கு நிறம் கொடுக்க வேண்டும். வகை பிரிக்க வேண்டும். அவசரமா, முக்கியமா, இரண்டுமா, இரண்டும் இல்லையா என்று சொல்ல வேண்டும். காதுகுத்து முக்கியம், ஆனால் மூன்று வாரம் இருப்பதால் அவசரமில்லை என்றேன். அதைக் கொண்டுபோய் ஒரு மூலைக் கட்டத்தில் போட்டு, சாம்பல் நிறம் பூசிவிட்டது. நிறத்தை மாற்ற இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் ஒரு கட்டுரையாவது எழுதியிருக்கலாம்.

ஒரு வேலையை முடித்து டிக் அடித்தால் திரையில் பூ கொட்டும். அது நன்றாக இருந்தது. டீ குடித்த பிறகு "டீ குடித்தல்" என்று எழுதி டிக் அடிக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது.

இதற்கிடையே காதுகுத்துப் பத்திரிகை வந்தது. கார்டு தொலைந்துவிடுமே... அதைப் படம் பிடித்து, பத்திரங்களைப் பாதுகாக்கும் ஆப் ஒன்றில் பத்திரமாக வைத்தேன். எந்த ஆப் என்று மறந்துவிட்டது. கார்டைச் சுமதி எடுத்து அவள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தடுக்கிற ஆப்பில் ஒரு கோழி. அது முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். எத்தனை நேரம் போனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அத்தனை நேரமும் கோழி அடைகாக்கும். நடுவில் போனைத் தொட்டால் எழுந்து போய்விடும். முட்டை கூமுட்டை. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது. முதல் நாள் பத்து நிமிடத்தில் நான்கு முட்டைகளைக் கெடுத்தேன். அந்தக் கோழி எழுந்து போகும்போது திரும்பி ஒரு பார்வை பார்க்கும்... வசந்தி ஞாபகம்தான் வந்தது.

கடைசியாக, ஞாபகப்படுத்தும் ஆப். தமிழில் வாயால் சொன்னால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். "எங்க பாஷை எந்த ஆப்புக்கும் தெரியல தம்பி. உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல" என்று கண்ணன் அண்ணன் கொஞ்சம் பொறாமையோடு சொன்னார்.

எங்கள் தமிழ் அதற்குத் தெரியும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

"கடையில வாங்க வேண்டியது இம்புட்டுத்தான்" என்றேன். "கடையில் வாங்க வேண்டியது இன்புட் தான்" என்று எழுதியது. "சாயங்காலம் வாரேன்னு சொல்லணும்" என்றேன். "சாயங்காலம் வாரணும்" என்றது. எதை வார? தலையையா, குப்பையையா?

பத்து தடவை தோற்ற பிறகு வழி பிடிபட்டது. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசினால் அதற்குப் புரிகிறது. மறுநாள் கூடத்தில் நின்றபடி, "நாளை மாலை ஐந்து மணிக்குச் சலவைத் துணிகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும்" என்று கம்பீரமாகச் சொன்னேன். சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வந்தது.

"யாருங்க வந்திருக்கா? உக்காரச் சொல்லுங்க, காபி போடுறேன்."

இப்படியாகப் பட்டியல், கோழி, செய்தி வாசிப்பு என்று மூன்று பேரை வேலைக்கு வைத்தாகிவிட்டது. இனி தேதி எதற்கு? கிழமை எதற்கு? வீட்டிலிருந்து எழுதுகிறவனுக்கு இந்தப் பத்தியை அனுப்பும் கிழமையைத் தவிர எல்லாக் கிழமையும் ஒன்றுதான். பாரத்தை முழுக்க ஆப் மேல் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் வசந்தியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நாளான்னைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துரு. ஒம்போதுக்கு முகூர்த்தம்."

"வாரேன் தாயி. இந்தா, ஆப்லயே போட்டுர்றேன்."

"எதுலயாச்சும் போடு. வந்துரு."

நாளான்னைக்கு என்றால் நாளை மறுநாள். மதுரைப் பக்கம் யாரும் நாளை மறுநாள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் பேச்சைக் கேட்ட சூட்டில் நானும் செய்தி வாசிக்க மறந்து, ஆப்பிடம் நம் ஊர்க்காரனாகவே பேசிவிட்டேன். "நாளான்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எழுப்பு. பேரையூர். யாழினி காதுகுத்து. மடி."

திரையில் எழுத்து வந்தது. பேரையூர் சரி. யாழினி சரி. காதுகுத்துகூடப் பிழையில்லாமல் வந்திருந்தது. பூரித்துப்போய் ஓகே கொடுத்தேன். எல்லா வார்த்தையையும் சரிபார்த்தவன் முதல் வார்த்தையைப் பார்க்கவில்லை. அது "நாளைக்கு" என்று இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சுமதி திருமங்கலத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். சீர்த்தட்டு, பழம், யாழினிக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் அங்கேதான் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து காரில் நேராகப் பேரையூர் வந்துவிடுவதாக ஏற்பாடு. போகும்போது வாசலில் நின்று நாள், நேரம் எல்லாம் சொன்னாளாம். நான் "ம்" என்றேனாம். கோழி அடைகாக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு போன் அலறியது. "இன்று – பேரையூர், யாழினி காதுகுத்து, மடி."

துள்ளி எழுந்தேன். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இருட்டோடு பஸ் ஏறினேன். வழியில் போனை நோண்டிக்கொண்டு இறங்குமிடத்தைத் தவறவிடக் கூடாதே என்று கோழியை இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தேன். திருமங்கலத்தில் பஸ் மாறினேன். அதே டீக்கடை, அதே பாய்லர், அதே வாசனை. தலையைத் திருப்பாமல் கடந்து போய்ப் பேரையூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஏழே காலுக்கு வசந்தியின் தெருமுனையில் நின்றேன்.

பந்தல் இல்லை. ஃப்ளெக்ஸ் இல்லை. முக்கியமாக, சத்தமே இல்லை. எங்கள் ஊர்களில் காதுகுத்து நடக்கும் வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. மூன்று தெருவுக்கு முன்னாலேயே ஸ்பீக்கர் வழி காட்டிவிடும். இங்கே ஒரு நாய் தெரு நடுவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. முடிந்துவிட்டது. நேற்றே முடிந்துவிட்டது. அவள் ஏதோ சொல்ல, நான் ஏதோ கேட்க, அந்தப் பாழாய்ப்போன ஆப் ஒரு நாள் கழித்து எழுப்பியிருக்கிறது. அவள் போன் செய்ததே நேற்று மதியம்தான் என்ற கணக்குகூட அந்தப் பதற்றத்தில் எனக்கு வரவில்லை; நாள் கணக்கையெல்லாம்தான் ஆப்பிடம் கொடுத்தாகிவிட்டதே. பந்தலைப் பிரித்து, ஃப்ளெக்ஸைச் சுருட்டி, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவையும் வேறு யாரோ ஒருவர் மடி.

திரும்பிப் போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

வசந்தி வாளியோடு வாசல் தெளிக்க வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே... நீயா?"

அந்த நிமிடம் என்னால் எந்தப் பொய்யும் சொல்ல முடியவில்லை. பஸ், பஞ்சர், ஆப், எதுவுமே வாயில் வரவில்லை.

"மன்னிச்சிரு தாயி" என்றேன். "எம்மேல தான் தப்பு. பஸ்ஸு மேல பழி போட்டேன், பஸ்ஸு என்ன பண்ணும்? டீக்கடையில ஒக்காந்து பேசிக்கிட்டு ஒன்னைய நிக்க விட்டுட்டேன். உன் பிள்ளைய மடியில வாங்கக்கூட லாயக்கு இல்லாதவனாப் போயிட்டேன்." முந்தையதும் புதியதும் ஒன்றாகக் கலந்து வந்தது. கடைசியில் குரல் உடைந்து அழுதுவிட்டேன். ஐம்பது வயது ஆள், வெள்ளை வேட்டியில், தெருவில் நின்றுகொண்டு.

வசந்தி வாளியைக் கீழே வைத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

"அதெல்லாம் விடுண்ணே. ஆறு வருசம் ஆச்சு. அதச் சொல்லவா இருட்டோட வந்த?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "ம்மே..."

எட்டிப் பார்த்தேன். கொல்லையில் கிடா. கழுத்தில் கயிறு, வாயில் அகத்திக்கீரை. சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

காதுகுத்து முடிந்த வீட்டில் கிடா உயிரோடு இருக்குமா?

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விசேஷத்துக்கு ஒரு நாள் முன்னதாக வந்து நிற்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அதற்குள் அவள், "ஏங்க, இங்க வாங்க, அண்ணே இப்பவே வந்துருச்சு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டாள். அவள் கணவர் பாண்டி வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "மச்சான்... தாய்மாமன்னா இப்பிடில்ல இருக்கணும்" என்றார். பந்தல்காரர்கள் வந்தபோது அவர்களுக்கும் சொன்னார். சமையல்காரருக்கும் சொன்னார். நான் தலையைக் குனிந்து காபி குடித்தேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோழி அடைகாத்து முடித்து எழுந்ததும் போனைப் பார்த்தேன். சுமதியிடமிருந்து ஏழு மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க? பீரோவுல மஞ்சப் பை இருக்கும், வரும்போது எடுத்துட்டு வரணும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். எடுக்கவே இல்ல."

"பேரையூர்ல இருக்கேன்."

"ஆப்பா?" என்றாள்.

"ஆமா."

பெருமூச்சு விட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க வேலை. வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியது. அதில் நான் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன், எப்போது எடுத்த படமோ. மத்தியானம் வசந்தி ஒரு சுத்தியலையும் ஆணியையும் என் கையில் கொடுத்து ஸ்டூலைக் காட்டினாள். சேகர் மடியில் கவின் இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் அடிக்கச் சொன்னாள். "இன்னொண்ணு மாட்டணும்ல" என்றாள். ஆணி கோணலாகத்தான் இறங்கியது. இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேளம், ஸ்பீக்கர், சீர்த்தட்டுகள் சகிதம் காரில் வந்து இறங்கிய சுமதி. ஒன்பது மணிக்கு யாழினியை என் மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி முதல் காதைத் தொட்டதும் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினாள். மூக்கு, கண் எல்லாவற்றையும் என் புதுச் சட்டையில்தான் துடைத்தாள். அந்தச் சட்டையை இன்னும் சலவைக்குப் போடவில்லை. மறந்து அல்ல.

வசந்தி குனிந்து பிள்ளை வாயில் சீனியைப் போட்டாள். அப்படியே என் காதோரம், மேளச் சத்தத்துக்கு நடுவில் கேட்டாள்.

"நேத்து வந்தது நாள் தப்பி வந்ததுதான?"

தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"மதினிதான். உங்கூடப் பேசி வச்ச கையோட எனக்குல்ல போன் போட்டாக."

சுமதியைப் பார்த்தேன். அவள் சீர்த்தட்டில் ஆப்பிளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

"நீ தெரியாத மாதிரியே இருந்தியே தாயி?"

"ஆப்பு தப்பா எழுப்பி விட்டுச்சு, சரி" என்றாள் வசந்தி. "மன்னிச்சிருன்னு சொல்ல எந்த ஆப்புண்ணே சொல்லிக் குடுத்துச்சு?"

போட்டோக்காரர், "மாமா, இங்க பாருங்க" என்றார். பார்த்தேன். படத்தில் என் கண் கலங்கியிருக்கும். பிள்ளை அழுகையைத் தாங்க முடியாமல் மாமன் அழுதுவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் யாழினியை அணைத்துக்கொண்டு மறு கையால் எடுத்தேன். நேற்றைய வேலைக்கு இன்னும் டிக் அடிக்கவில்லையாம். சிவப்பு எழுத்தில், "மடி – ஒரு நாள் தாமதம்."

பந்தலில் பாண்டி யாரிடமோ, "மச்சான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் தப்பு. நான் வந்து சேர்ந்தது ஆறு வருடம் தாமதமாக.

இருந்தாலும் டிக் அடித்தேன். பூ கொட்டியது.